அண்ணாந்து குடித்த கதை

மதுவுக்கு எதிராக நான் ஆற்றிய ஒரே உரை இருபத்தைந்து நிமிடம் நீடித்தது. பங்குச் சாமியார் கேட்டிருந்தது ஐந்து நிமிடம்.

கருணாபுரத்தில் விஷச் சாராயத்தால் ஆட்கள் செத்துப்போன சமயம் அது. ஞாயிறு பூசை முடிந்ததும் விவரம் தெரிந்த யாராவது நாலு வார்த்தை சொன்னால் தேவலை என்று சாமியார் நினைத்தார். நான் மேல்நிலைப் பள்ளியில் வேதியியல் ஆசிரியர். மெத்தனால் உடம்புக்குள் போய் என்னென்ன செய்யும் என்று வரிசையாகச் சொன்னேன். முன்வரிசையில் இருந்தவர்களுக்கு அது தேவையே இல்லை. அவர்கள் அதையெல்லாம் ஆஸ்பத்திரி வராந்தாவில் கண்ணால் பார்த்துவிட்டு வந்தவர்கள். இது எனக்கு உறைக்க இருபது நிமிடம் ஆயிற்று. உறைத்த பிறகு பேச்சை எப்படி முடிப்பது என்று தெரியவில்லை. ஆகவே பீடத்தின் பக்கம் திரும்பி, கையை நீட்டி, “என் ஆயுசுக்கும் ஒரு சொட்டு மது என் தொண்டையில் இறங்காது” என்று சத்தியம் செய்தேன்.

அதற்கு முன்பும் இறங்கியதில்லை. காரணம் ஒழுக்கம் அல்ல, வயிற்றுப்புண். பூனை இனிமேல் நீச்சலடிக்க மாட்டேன் என்று சபதம் செய்வதில் எவ்வளவு தியாகம் உண்டோ அவ்வளவுதான் இதிலும்.

பெண்கள் பக்கம் உட்கார்ந்திருந்த என் மனைவி நெற்றியில் கை வைத்துக்கொண்டாள். செபம் என்று சாமியார் நினைத்திருப்பார். முந்தின வாரம்தான் அவள் அடுத்த மே மாத விடுமுறைக்கு ஒரு சுற்றுலாவில் எங்கள் இருவர் பெயரையும் பதிந்திருந்தாள். ஸ்பெயின் தேசத்தில் எட்டு நாள். கிராமத்துச் சாப்பாடும், அந்தந்த ஊர் ஒயினும். கல்யாணமாகி இருபத்தைந்து வருடம் ஆவதை ஒட்டி. அவள் பிறந்த வீட்டில் கிறிஸ்துமஸுக்கு முன்னால் பீங்கான் பரணியில் திராட்சை ஊறப்போட்டு ஒயின் செய்வார்கள். கல்யாணமான முதல் வருடமே, காற்றுப் புகாத பரணியில் என்னென்ன விளைவுகள் நிகழலாம் என்று நான் ஒரு வகுப்பு எடுத்து, அதை எங்கள் வீட்டில் நடக்காமல் செய்துவிட்டேன். கால் நூற்றாண்டாக அவள் ஒரு டம்ளர் ஒயினுக்குக் காத்திருக்கிறாள் என்பதே அந்தச் சுற்றுலாத் தாள் வந்த அன்றுதான் எனக்குத் தெரியும்.

சரி, என் சத்தியத்துக்கு வருகிறேன். எனக்குப் பின்னால் இன்னும் யாராவது வருவார்கள் என்று சாமியார் காத்திருந்தார். யாரும் வரவில்லை. கடைசியில் வாசலோரம் நின்றிருந்த ஒருவர் செருப்பைக் கழற்றிவிட்டு நடந்து வந்தார். என் மனைவியைத் தினமும் அவள் டீச்சராக இருக்கும் பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய் விடுகிற ஆட்டோக்காரர். கருணாபுரத்துக்காரர். எங்கள் கோவிலைச் சேர்ந்தவர்கூட இல்லை. எங்களை இறக்கிவிட்டுத் தூறலுக்கு ஒதுங்கியவர். அந்த வாரம்தான் அவருடைய அண்ணன் போய்ச் சேர்ந்திருந்தார்.

“சூடம் இல்லீங்களா சாமி?” என்றார்.

சாமியார் கொஞ்சம் யோசித்துவிட்டு பீடத்து மெழுகுவர்த்தியைக் காட்டினார். ஆட்டோக்காரர் சூடத்தை அடித்துச் சத்தியம் செய்கிற மாதிரியே அதன் மேல் உள்ளங்கையால் ஓங்கி அடித்து அணைத்தார். சூடான மெழுகு கையில் அப்பிக்கொண்டது. முகம் சுளிக்கவில்லை.

வெளியே வந்ததும் என்னிடம் சொன்னார்: “சார், நீங்க இருக்கற வரைக்கும் நானும் இருப்பேன். நீங்க தவறுனா நானும் அவ்ளோதான்.”

எனக்குப் பெருமையாக இருந்தது. பயம்தான் வந்திருக்க வேண்டும்.

அவருக்குச் சாயங்காலம் ஆறு மணிதான் கண்டம். “ஆறு ஆனா காலு தானா அந்தப் பக்கம் திரும்புது சார்” என்றார். ஆகவே தினமும் ஆறு மணிக்கு நான் போன் செய்வது என்று ஏற்பாடாயிற்று. “எப்படிப்பா?” என்பேன். “இருக்கேன் சார். நீங்க?” என்பார். “இருக்கேன்” என்பேன். முடிந்தது. நான் எதை எதிர்த்துப் போராடி ‘இருந்தேன்’ என்று அவர் ஒருநாளும் கேட்டதில்லை. நல்ல வேளை.

சுற்றுலாவுக்கான தயாரிப்புகள் நடந்தன. ஊரில் யார் கேட்டாலும் மொன்செராத் மலையில் இருக்கும் கறுப்பு மாதா கோவிலுக்குத் திருயாத்திரை என்று சொன்னோம். பொய் இல்லை. எட்டு நாளில் அதற்கும் அரை நாள் ஒதுக்கியிருந்தார்கள். விளைவு, எங்கள் கோவில் பங்கு முழுக்க வேண்டுதல் சீட்டு எழுதிக் கொடுத்தார்கள். மகளுக்கு வரன், மருமகனுக்கு வேலை, முழங்கால் வலி என்று ஒரு பை நிறைய. அதைத் தூக்கிக்கொண்டு நாங்கள் ஒயின் குடிக்கப் போகிறோம்.

அங்கே மலையில் நிறைய நடக்க வேண்டும் என்று தாளில் போட்டிருந்தது. எனவே இரண்டு ஞாயிற்றுக்கிழமை வெள்ளிமலைக்குப் பஸ் ஏறினோம். கொண்டை ஊசி வளைவுகளில் என் காலை இட்லி என்னை விட்டுப் பிரிந்ததால் முதல் ஞாயிறு நடக்கவில்லை. இரண்டாம் ஞாயிறு நடந்தோம். பசித்தபோது, வழியில் ஒரு அம்மா தன் வீட்டிலேயே சாமைச் சோறும் மொச்சைக்கொட்டைக் குழம்பும் போட்டார். அப்படியொரு குழம்பை நான் சாப்பிட்டதே இல்லை.

“எந்த ஊருங்க நீங்க?”

“கள்ளக்குறிச்சிதான்மா.”

“தோ, கீழ இருக்கற கள்ளக்குறிச்சியா? இத்தினி வருசமா எங்க ஊட்டுச் சோத்த வந்து தின்னதில்ல. இப்ப இன்னா வந்துட்டீங்க?”

வெளிநாட்டில் போய் மலை ஏறுவதற்காக இங்கே நடந்து பழகுகிறோம் என்றாள் என் மனைவி. அந்த அம்மா சோற்றுக் கரண்டியோடு அப்படியே நின்றார். “அங்க ஏறுறதுக்கு இங்க ஏறுறீங்க. அப்ப இங்கயே ஏறிட்டு வூட்டுக்குப் போவலாமே?” என்றார். இன்னும் கொஞ்சம் குழம்பு வாங்கிக்கொண்டோம்.

மலை பிரச்சினை இல்லை. ஒயின்தான் பிரச்சினை. நம் ஊரில் ஒயின் ஷாப் என்று பெயர் பெற்ற இடங்களில் கிடைக்காத ஒரே சரக்கு ஒயின் என்பதால் இதுவரை இந்தக் கேள்வி எழுந்ததில்லை. ஒயின் மதுவில் சேருமா? சாமியாரிடமே கேட்டேன். நீங்களே தினமும் பூசையில் எடுத்துக்கொள்கிறீர்களே என்று பணிவோடு ஞாபகப்படுத்தினேன்.

“நான் குடிக்கறது டியூட்டில சார்” என்றார். “நீங்க போறது லீவுல.”

மனைவியிடம், நீ மட்டும் குடி, நான் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன் என்றேன். “நான் குடிக்கறதை நீங்க பரீட்சை ஹால்ல நிக்கற மாதிரி பார்த்துக்கிட்டிருப்பீங்க. அதுக்கு நான் இங்கயே மோர் குடிச்சுக்கறேன்” என்றாள்.

அப்போதுதான் எனக்கு ஒரு வழி அகப்பட்டது. ஒயினைச் சுவைத்துப் பார்ப்பதே தொழிலாக உள்ளவர்கள் அதை விழுங்குவதில்லை. வாயில் வைத்து அலசிவிட்டு ஒரு குவளையில் துப்பிவிடுகிறார்கள். நான் சத்தியம் செய்தது தொண்டையைப் பற்றி. நாக்கைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. ஒரு வாரம் குளியலறையில் திராட்சை ஜூஸை வைத்துப் பழகினேன். மனைவி கதவோரம் நின்று பார்த்துவிட்டு, “பல்லு விளக்கறதுக்கும் இதுக்கும் இன்னாங்க வித்தியாசம்?” என்று கேட்டாள். மேதைகள் வீட்டில் மதிக்கப்படுவதில்லை.

கிளம்புகிற அன்று உளுந்தூர்பேட்டை வரைக்கும் ஆட்டோக்காரர்தான் கொண்டுவந்து விட்டார். அங்கிருந்து சென்னைக்குப் பஸ். பெட்டியை இறக்கி வைத்துவிட்டு, “அங்க ஆறு மணி ஆனா போன் பண்ணுவீங்களா சார்?” என்றார்.

“உனக்கு ஆறு ஆகும்போது எனக்கு அங்க மதியம் ரெண்டரை. கட்டாயம் பண்றேன்.”

“பண்ணுங்க சார். அதுலதான் வண்டி ஓடிக்கினு இருக்கு.”

முதல் மூன்று நாள் பிரமாதமாகப் போயிற்று. அதாவது, மனைவிக்கு. ரொட்டியில் தக்காளியைப் பாதியாக வெட்டித் தேய்த்து எண்ணெய் விட்டுக் கொடுத்தார்கள். நாலு துண்டு சாப்பிட்டாள். முதல் டம்ளர் ஒயினைக் கண்ணை மூடிக்கொண்டு குடித்தாள். திறந்தபோது கண் கலங்கியிருந்தது. நான் வேறு பக்கம் பார்த்தேன். நத்தை வந்தது. எங்கள் பக்கத்து வயல்களில் பொறுக்கிச் சமைக்கிற அதே நத்தை. வயலில் இறங்கியவர்கள் சாப்பாடு என்று எங்கள் வீட்டில் ஒருநாளும் வாங்கவிடாத நான், அதை விமானம் ஏறிப்போய் முள்கரண்டியால் குத்தினேன். அது வழுக்கிப் பறந்து எதிரில் இருந்த, எங்களோடு சுற்றுலா வந்திருந்த டச்சுக்காரரின் தட்டில் உட்கார்ந்தது. அவர் நன்றி சொன்னார். துப்புவதில் மட்டும் எனக்கு ஒரு நேர்த்தி இருந்தது. ஆனால் துப்புகிறவனை யாரும் பாராட்டுவதில்லை. மதியம் ரெண்டரைக்கு மூன்று நாளும் போன் செய்தேன். “இருக்கேன் சார். நீங்க?” “இருக்கேன்.”

நாலாம் நாள் ஒரு திராட்சைத் தோட்டத்து வீட்டில் மதியச் சாப்பாடு. நடுவில் கண்ணாடியில் ஒரு பாத்திரம் கொண்டுவந்து வைத்தார்கள். நம் கெண்டி மாதிரி. மூக்கு மட்டும் நீளமாக, நுனியில் ஊசியாக. உள்ளே சிவப்பு ஒயின். எல்லாரும் அதே பாத்திரத்தில்தான் குடிக்க வேண்டும், உதடு படக்கூடாது, கையை உயர்த்தி வாய்க்குள் ஊற்றிக்கொள்ள வேண்டும், அதுதான் இந்த ஊர் வழக்கம் என்று வழிகாட்டிப் பெண் விளக்கினார். டச்சுக்காரர் முயன்றார், மூக்கில் ஊற்றிக்கொண்டு வெள்ளைச் சட்டையைச் சிவப்பாக்கினார். அவர் மனைவி காதில் ஊற்றிக்கொண்டார். ஒரே சிரிப்பு.

நாலு நாளாகக் கத்தி பிடிக்கத் தெரியாதவன், மொழி தெரியாதவன், நத்தையைப் பறக்கவிட்டவன் என்று இருந்த எனக்கு என் நேரம் வந்துவிட்டது தெரிந்தது. நான்கு வயதிலிருந்து செம்பை உதட்டில் வைக்காமல் குடித்து வளர்ந்தவன் நான். எழுந்து நின்றேன். பாத்திரத்தை வாங்கி, முகத்தை அண்ணாந்து, கையை முழு நீளத்துக்கும் உயர்த்தினேன். ஒரு துளி சிந்தவில்லை. தொண்டையைத் திறந்து வைத்துக்கொண்டு மடக் மடக்கென்று இறக்கினேன். இங்கிலீஷில் எல்லாரும் சேர்ந்து எண்ண ஆரம்பித்தார்கள். கைதட்டினார்கள். மேசையைத் தட்டினார்கள். நான் இன்னும் கொஞ்சம் உயரத் தூக்கினேன்.

பாத்திரத்தை இறக்கியபோது கைதட்டாத ஒரே முகம் என் மனைவியுடையது.

“என்னங்க,” என்றாள். “எங்க துப்புனீங்க?”

அண்ணாந்து குடிக்கிறவனுக்கு நாக்கு வழியில் இல்லை. நேராகத் தொண்டை. நான் சத்தியம் செய்த அதே தொண்டை. சுவை எப்படி இருந்தது என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

மணி ரெண்டு இருபத்தைந்து.

“சொல்லாதீங்க,” என்றாள் மனைவி தோட்டத்துக்கு வந்ததும். “அவருக்குத் தெரியப்போறதில்ல. சொன்னா அவர் விட்டுடுவார். உங்க மனசு சுத்தத்துக்கு அவர் குடும்பமா பலி?” நியாயம்தான். ‘இருக்கேன்’ என்று ஒரு வார்த்தை. மூன்று முறை சொல்லிப் பார்த்துக்கொண்டேன். போன் போட்டேன்.

“இன்னா சார், இருக்கீங்களா?”

“இல்லப்பா.”

வண்டியை ஓரம் கட்டி எஞ்சினை அணைக்கிற சத்தம் கேட்டது.

“எவ்ளோ சார்?”

“அவங்க பதினேழு எண்ற வரைக்கும்.”

“வாய் வச்சா?”

“அண்ணாந்து.”

“ஐயோ” என்றார். போனைத் துண்டித்துவிட்டார். மறுபடி போட்டேன், எடுக்கவில்லை. சாயங்காலம் முழுக்க எடுக்கவில்லை. எனக்கு லேசாகத் தலை சுற்றிக்கொண்டிருந்தது, அது ஒயினா பயமா என்று வேதியியல் ஆசிரியராலேயே பிரித்துச் சொல்ல முடியவில்லை. மனைவி என்னைத் திட்டவில்லை. அன்று இரண்டாவது டம்ளரை அவள் தொடவில்லை, அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

மறுநாள் மொன்செராத். வரிசையில் நின்று கறுப்பு மாதாவின் பாதத்தில் ஊர்க்காரர்களின் சீட்டுப் பையை வைத்தோம். எனக்கென்று கேட்க வாய் வரவில்லை. நேர்ந்துகொள்ளலாம் என்றால், என் நேர்ச்சைகளின் மதிப்பு முந்தின நாள் எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. படியில் இறங்கும்போது போன் அடித்தது. சரியாக ரெண்டரை. அவரேதான்.

“இன்னிக்கு எப்படி சார்?”

“இன்னிக்கு இருக்கேன். நீ?”

“டீச்சர்கிட்ட குடுங்க.”

கொடுத்தேன். மனைவி கேட்டுக்கொண்டு, “ஆமாம்பா, தண்ணிதான் குடிச்சாரு. நானே பார்த்தேன்” என்று சாட்சி சொல்லிவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள்.

“நேத்து செம கோவம் சார். நேரா ஷாப் வாசலுக்கே போய் வண்டிய நிறுத்திட்டேன். எறங்கப் போறப்ப ஒண்ணு தோணுச்சு. சாரே வுழுந்துட்டாரு. நானும் வுழுந்துட்டா சாரை யாரு கேக்கறது? திரும்பிட்டேன்.” மூச்சு விட்டுக்கொண்டார். “இனிமே நான்தான் போன் போடுவேன். நீங்க போட்டா சரிப்படாது.”

ஊருக்குத் திரும்பிய பிறகும் அப்படித்தான். தினமும் ஆறு மணிக்கு அவர்தான் கூப்பிடுகிறார். காலையில் மனைவியைப் பள்ளிக்கு ஏற்றிப்போக வந்து என்னை நேரில் பார்த்துப் பேசியிருந்தாலும் சாயங்காலம் தனியாக விசாரணை உண்டு. ஒருநாள் எனக்கு இருமல் மருந்து கொடுத்ததற்கு மனைவியிடம் விளக்கம் கேட்டார்.

போன வாரம் ஒருநாள் ஆறு மணிக்குப் போன் வரவில்லை. ஆறேகாலுக்கும் வரவில்லை. நான் போட்டால், தொடர்பு எல்லைக்கு வெளியே என்றது. என்னால் உட்கார முடியவில்லை. ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு நேராக ஷாப்புக்குப் போனேன். வெளியே அவர் ஆட்டோ இல்லை. பக்கவாட்டில் நிறுத்தியிருக்கலாம் என்று போய்ப் பார்த்தேன். உள்ளே இருக்கலாம் என்று கம்பி ஜன்னல் வழியாக எட்டி எட்டிப் பார்த்தேன். “வணக்கம் சார்” என்றது ஒரு குரல். என்னிடம் பிளஸ் டூ படித்தவர். இன்னொருவர் என் பள்ளிப் பெற்றோர் சங்கத்துக்காரர். இருவரும் என்னைக் குறை சொல்லும் முகத்தோடு பார்க்கவில்லை; சொந்தக்காரனைப் பார்ப்பதுபோல் பார்த்தார்கள். வரிசையில் எனக்கு இடம்கூட விட்டார்கள்.

அப்போதுதான் போன் அடித்தது.

“சார், தியாகதுருகம் சவாரி, டவர் கெடைக்கல. இன்னா சார் இது, ஸ்டாண்டுல சொல்றாங்க நீங்க ஷாப் வாசல்ல நிக்கறீங்களாம்?”

“உன்னைத் தேடித்தாம்பா வந்தேன்.”

“எல்லாரும் ஏதாச்சும் ஒண்ணு சொல்லுவாங்க சார். அங்கயே நில்லுங்க. கைய பாக்கெட்டுல வுடாதீங்க. நான் வந்துகினே இருக்கேன்.”