ஏணி வேண்டாம் என்றுதான் கேட்டேன்

பட்டுப் புடவையைத் தொடுமுன் கையைத் துடைக்க வேண்டும். வேலைக்குச் சேர்ந்த அன்றே இதைச் சொல்லிக் கொடுத்துவிடுவார்கள். வேர்த்த கை பட்டால் ஜரிகை கறுத்துப்போகும். அதனால் எங்கள் கடையில் மெத்தையில் உட்கார்ந்து புடவை காட்டுகிற ஒவ்வொருவர் மடியிலும் ஒரு வெள்ளைத் துண்டு கிடக்கும். என் மடியிலும் கிடந்தது. நான் மற்றவர்களைவிடக் கொஞ்சம் அதிகமாகவே துடைப்பேன். ஏனென்றால் என் கைக்கு ஒரு பெயர் இருந்தது.

கல்யாணத்துக்கு ஜவுளி எடுக்க வருகிறவர்கள் முதலில் பார்ப்பது முகூர்த்தப் புடவையைத்தான். அதன் முதல் மடிப்பை யார் பிரிக்கிறார்கள் என்பது எங்கள் கடையில் சின்ன விஷயம் இல்லை. புருஷன், பிள்ளைகள் என்று நிறைவாக வாழ்கிற ஒரு பெண் கிழக்குப் பார்த்து உட்கார்ந்து பிரிக்க வேண்டும். நான் பிரித்த புடவையைக் கட்டிக்கொண்ட பெண்கள் சிலர் மறு வருஷமே கைக்குழந்தையோடு வந்து, "ஆன்ட்டி, நீங்க எடுத்துக் குடுத்த புடவை" என்று குழந்தையை என் மடியில் போட்டார்கள். பேச்சு பரவ வேறென்ன வேண்டும்? "பச்சைக்கல் மூக்குத்தி போட்ட அம்மா இருக்காங்களா? அவங்களுக்குத்தான் கைராசி" என்று வாசலிலேயே கேட்டுக்கொண்டு வர ஆரம்பித்தார்கள். அந்தப் பெண்களுக்குக் குழந்தை பிறந்ததில் என் பங்கு என்ன என்று எனக்குச் சிரிப்பாக இருக்கும். பெருமையாகவும் இருந்தது, பொய் சொல்வானேன்.

எனக்கு வலிப்பு உண்டு. பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது வந்தது. காலையும் ராத்திரியும் மாத்திரை. மாத்திரையை விடாமல் போட்டுக்கொண்டு, நேரத்துக்குச் சாப்பிட்டுவிட்டால் அது வருவதில்லை. கடையில் ஒரு தடவைகூட வந்ததில்லை. என் வீட்டுக்காரருக்கும் என் மகளுக்கும் தெரியும். வேறு யாருக்கும் தெரிய வேண்டிய அவசியம் இல்லை, தெரியவும் இல்லை.

அப்புறம் கடையைப் பெரிதாக்கினார்கள். மேல் மாடியில் கூரை வரைக்கும் அலமாரி. புடவை எடுக்க ஏணியில் ஏற வேண்டும். புதிதாக வந்த மேனேஜர், பெண்கள் ஆண்கள் என்று பார்க்காமல் எல்லோரும் முறை வைத்து ஏற வேண்டும் என்றார். சென்னைப் பிள்ளை, நல்ல படிப்பு. எங்களை எல்லாம் "மேடம்" என்றுதான் கூப்பிடுவார். யாரையும் அதட்டி நான் பார்த்ததில்லை. அவரைப் போய்த் திட்டவும் மனசு வராது, அதுதான் என் கஷ்டகாலம்.

உயரத்தில் ஏறக் கூடாது என்று டாக்டர் எனக்கு முதலிலேயே சொல்லியிருக்கிறார். நான் மேனேஜர் அறைக்குப் போய், "சார், எனக்கு ஏணி மட்டும் வேணாம். மத்தபடி என்ன வேலைனாலும் செய்றேன்" என்றேன்.

"காரணம் என்ன மேடம்?"

"உடம்புக்கு ஆகாது சார்."

"வாய்வார்த்தையா சொன்னா நாளைக்கு எல்லாரும் அதையே சொல்லுவாங்க. டாக்டர்கிட்ட ஒரு சர்ட்டிபிகேட் வாங்கிட்டு வந்துடுங்க. ரெக்கார்டுக்கு."

நியாயம்தான் என்று வாங்கிக் கொடுத்தேன். அதில் வியாதியின் பெயர், மாத்திரையின் பெயர், எப்போதிலிருந்து என்கிற விவரம் எல்லாம் இருந்தது. "இது உங்களோட இருக்கட்டும் சார்" என்றேன். "கான்பிடென்ஷியல் மேடம், கவலையே படாதீங்க" என்று நெஞ்சில் கைவைத்துச் சொன்னார். மனசு குளிர்ந்து போயிற்று எனக்கு.

அன்று சாயங்காலம் செவிலிமேடு போகிற டவுன் பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. போனை எடுத்தேன். யாருக்கு எந்த மாடி, யாருக்கு என்றைக்கு லீவு என்று சொல்வதற்காகக் கடையில் ஒரு வாட்ஸ்அப் குரூப் உண்டு. கடையில் வேலை செய்கிற அத்தனை பேரும் அதில் இருக்கிறோம். அதில் என் சர்ட்டிபிகேட் இருந்தது. படம் பளிச்சென்று. டாக்டரின் கிறுக்கல் கையெழுத்துகூடத் தெரிந்தது. கீழே மேனேஜர் எழுதியிருந்தார்: "இவருக்கு ஏணி டூட்டி கொடுக்க வேண்டாம். அனைவரும் ஒத்துழைக்கவும்." கூடவே கும்பிடுகிற கை ஒன்று.

அதற்குள் வரிசையாகக் கட்டைவிரல்கள். யாரோ ஒரு பூங்கொத்துகூடப் போட்டிருந்தார்கள். அடப்பாவிகளா, இதற்குப் பூங்கொத்தா!

பஸ்ஸிலேயே மேனேஜருக்குப் போன் போட்டேன். "ஐயோ மேடம், சூப்பர்வைசருக்குத் தெரியணுமேன்னுதான் போட்டேன், இதோ டெலீட் பண்ணிடுறேன்" என்றார். பண்ணினார். படம் இருந்த இடத்தில், செய்தி நீக்கப்பட்டது என்கிற வரி வந்து உட்கார்ந்தது. அதுவரை பார்க்காதவர்களும், "இன்னாப்பா அது, இன்னாத்த அழிச்சாரு?" என்று பார்த்தவர்களிடம் கேட்டுத் தெரிந்துகொண்டார்கள்.

மறுநாள் கடைக்குப் போகும்போது யாராவது கேலி செய்தால் நாலு வார்த்தை கேட்டுவிடுவது என்று பல்லைக் கடித்துக்கொண்டு போனேன். ஒருவரும் கேலி செய்யவில்லை. எல்லோரும் அன்பாக இருந்தார்கள்! வாட்டர் கேனிலிருந்து நான் தண்ணீர் பிடிக்கப் போனால் ஓடிவந்து பிடித்துக் கொடுத்தார்கள். மாடிப்படியில் ஒருத்தி என் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். என்னை ஒருமையில் கூப்பிட்டுச் சண்டை போடுகிற பில்லிங் பெண்கூட "பாத்துப் போக்கா" என்றாள். சண்டை போட்டிருந்தால் எனக்கு எவ்வளவோ நிம்மதியாக இருந்திருக்கும்.

சூப்பர்வைசர் வயதில் மூத்தவர். எல்லோருக்கும் அண்ணன். அவர் பழைய குடோனிலிருந்து ஒரு இரும்புச் சாவிக்கொத்தைத் தேடி எடுத்து வந்து, நான் உட்காருகிற இடத்துக்குப் பக்கத்துத் தூணில் ஆணி அடித்து மாட்டினார். கையை நீட்டினால் எட்டுகிற உயரத்தில். வலிப்பு வந்தால் கையில் இரும்பைக் கொடுக்க வேண்டும் என்று ஊரெல்லாம் நம்புகிறார்களே, அதற்காக.

"அண்ணா, இது எதுக்கு? இரும்பு குடுத்தாலாம் அது நிக்காது. டாக்டரு ஒருக்களிச்சுப் படுக்க வெச்சா போதும்னுதான் சொல்லியிருக்காரு."

"இருக்கட்டும்மா. ஆபத்துன்னு வந்தா எங்க போய்த் தேடறது? மாட்டி வெச்சா தப்பா?"

நான் கழற்றி மேஜை டிராயரில் போட்டேன். சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தால் மறுபடியும் ஆணியில் தொங்கியது. திரும்பக் கழற்றினேன். திரும்ப வந்தது. யார் மாட்டுகிறார்கள் என்றே தெரியாது, எல்லோருக்கும் என்மேல் அவ்வளவு அக்கறை. மேனேஜரிடம் போனேன். "அவங்க நல்ல எண்ணத்துல செய்றாங்க மேடம், அதை ஸ்டாஃப் வெல்ஃபேர்னு எடுத்துக்குங்க" என்று சிரித்தார். எனக்கு வந்த கோபத்துக்கு அந்தச் சாவிக்கொத்தைத் தூக்கி அவர் கண்ணாடிக் கதவில் எறிந்திருக்கலாம். எறியாமல் கீழே இறங்கி வந்தேன்.

வைகாசியில் ஐயம்பேட்டையிலிருந்து ஒரு மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள். வேன் நிறைய ஜனம். மாப்பிள்ளையின் அம்மா வாசலிலேயே என்னைக் கேட்டு, நேராக என் முன்னால் வந்து உட்கார்ந்தார். நான் கையைத் துடைத்துக்கொண்டு அரக்கில் பச்சைக் கரை போட்ட ஒரு புடவையை எடுத்தேன். அந்த அம்மா தூணைப் பார்த்தார்.

"இன்னாம்மா அது, இவ்ளோ பெரிய சாவி? கல்லாப்பெட்டியா?"

நான் வாயைத் திறப்பதற்குள் என் பக்கத்தில் புடவை மடித்துக்கொண்டிருந்த பெண் அவர் காதோரம் குனிந்தாள். கெட்ட எண்ணம் எல்லாம் இல்லை அவளுக்கு. கேட்டதற்குப் பதில் சொன்னாள், அவ்வளவுதான். அந்த அம்மாவின் முகம் மாறியது. என்னைப் பார்த்து உண்மையாகவே பரிதாபப்பட்டார்.

"தப்பா எடுத்துக்காதம்மா. நல்ல காரியம் பாரு. வேற யார்னா பிரிக்கட்டுமே."

மடிப்பில் வைத்திருந்த கையை எடுத்தேன். பக்கத்துப் பெண்ணிடம் புடவையை நகர்த்திவிட்டு எழுந்தேன். எங்கே போவது என்று தெரியவில்லை. கழிப்பறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

அதற்கப்புறம் முகூர்த்தப் புடவைக்கு ஆள் வந்தாலே அண்ணன் என்னிடம் வந்து, "நீ போய் ஒரு டீ சாப்ட்டு வாம்மா" என்பார். கண்ணைப் பார்த்துச் சொல்ல மாட்டார். அந்த சீசனில் நான் குடித்த டீக்குக் கணக்கே இல்லை. டீக்கடைக்காரர் ஒருநாள், "இன்னாக்கா, கடையில வேல எதுவும் இல்லியா?" என்று கேட்டார். சிரித்துவைத்தேன்.

ஆடித் தள்ளுபடி முடிந்த கையோடு மேனேஜர் கூப்பிட்டார். அவர் மேஜையில் டூட்டி ஃபைல் திறந்து கிடந்தது. கூரியர்காரர் கையெழுத்து வாங்குவதும் அதே மேஜையில்தான். மேலேயே என் சர்ட்டிபிகேட். அதன் ஓரத்தில் சிவப்பு மையில் எழுதியிருந்ததைத் தலைகீழாகவே படித்துவிட்டேன்: உடல்நலம் காரணமாக, ஊழியரின் வேண்டுகோளின்படி, பேக்கிங் பிரிவுக்கு மாற்றம்.

"சார், நான் எங்க சார் பேக்கிங் கேட்டேன்? ஏணி வேணாம்னுதானே கேட்டேன்!"

"அதேதான் மேடம். பேக்கிங் கீழ்த்தளம். அங்க ஏணியே கிடையாது."

"எனக்கு மெத்தையில உக்கார முடியாதுன்னு அதுல எங்கனா எழுதியிருக்குதா?"

"எல்லாம் உங்க நல்லதுக்குத்தான். சம்பளம் அதேதான், ஒண்ணும் குறையாது."

அவர் சொன்னது அத்தனையும் சரி. சம்பளம் குறையவில்லை. யாரும் என்னைத் துரத்தவில்லை. அப்புறம் நான் எதை வைத்துச் சண்டை போடுவது? வீட்டுக்காரரிடம் சொன்னேன். ஒரகடத்துக் கம்பெனியில் ஷிப்ட் முடித்து வந்தவர், "உட்டுடு. இன்னும் கிளறினா இன்னும் நாலு பேருக்குத் தெரியும்" என்றார். அவரைச் சொல்லியும் குற்றமில்லை. லேபர் ஆபீஸில் எழுதிக் கொடுக்கலாம் என்று யோசித்தேன். அங்கே போனாலும் முதலில் அந்தச் சர்ட்டிபிகேட்டின் நகலைத்தானே கேட்பார்கள். இன்னொரு மேஜை, இன்னொரு ஃபைல். பேசாமல் கீழே போய் அட்டைப்பெட்டி மடிக்க ஆரம்பித்தேன். சாவிக்கொத்தும் எனக்கு முன்னாலேயே அங்கே வந்து தொங்கியது.

தையில் என் மகளுக்குக் கல்யாணம் நிச்சயமானது. மாப்பிள்ளை வீட்டில் என் வியாதியை நாங்களே சொல்லிவிட்டோம். சம்பந்தியம்மா தங்கமானவர். "மாத்திர போட்டா சரியாப் போற விஷயம், இதுக்குப் போய் இவ்ளோ யோசிச்சீங்களா?" என்றார். முகூர்த்தப் புடவை அவர்கள்தான் எடுக்க வேண்டும். எங்கள் கடையில்தான் எடுப்பேன் என்று பிடிவாதம் பிடித்தார்.

வந்தார்கள். மேனேஜரே வாசலுக்கு வந்து வரவேற்றார். என்னைக் கீழ்த்தளத்திலிருந்து கூப்பிட்டனுப்பினார்கள். நான் மேலே போனபோது என் பழைய இடம் காலியாக இருந்தது. மெத்தையில் வெள்ளைத் துண்டுகூடப் புதிதாக மடித்து வைத்திருந்தார்கள்.

"இன்னிக்கு நீங்கதான் மேடம் பிரிக்கணும்" என்றார் மேனேஜர், முகமெல்லாம் சிரிப்பாக.

"ஆமாம்மா, உன் பொண்ணு புடவ, நீ பிரிக்காத யாரு பிரிக்கிறது?" என்றார் அண்ணன்.

சம்பந்தியம்மாவும் தலையாட்டினார். என் மகள் எனக்கு எதிரே உட்கார்ந்திருந்தாள். சின்ன வயதிலிருந்தே கேட்டுக்கொண்டிருந்தவள் அவள், என் கல்யாணப் புடவையை நீதான் பிரிக்கணும் என்று. மாம்பழ நிறத்தில் ஊதாக் கரை வைத்த புடவை மடிப்புக் கலையாமல் என் முன்னால் இருந்தது. துண்டை எடுத்துக் கையைத் துடைத்தேன். திரும்பவும் துடைத்தேன்.

கை புடவைக்குப் போகவில்லை. இரும்பு கொடுத்தால் நிற்காது என்று அண்ணனிடம் வாதாடியவள், கைராசி என்றால் உள்ளுக்குள் சிரித்தவள் நான்தான். ஆனால் அந்த ஐயம்பேட்டை அம்மாவின் குரல் காதிலேயே இருந்தது. நல்ல காரியம் பாரு, நல்ல காரியம் பாரு. என் பெண்ணுக்கு நாளைக்கு ஏதாவது ஒன்று என்றால்? யாரும் என்னைக் குறை சொல்ல மாட்டார்கள். நானே சொல்லிக்கொள்வேனே.

பக்கத்தில் இருந்தவளிடம் புடவையை நகர்த்தினேன். "நீ பிரிம்மா" என்றேன்.

என் மகள் என் முகத்தையே பார்த்தாள். "ஏம்மா?"

"கை வேர்த்துக்கினே இருக்குதும்மா. ஜரிக கறுத்துடும்."

அவள் சட்டென்று எட்டி என் கையைப் பிடித்துப் பார்த்தாள். கை காய்ந்துதான் இருந்தது. பிடித்த கையை அவள் விடவில்லை. புடவையை வேறொருத்தி பிரித்தாள்.