நாற்பத்தோராம் நிமிடத்தில் அக்கா கல்யாணம்

"நான்காம் பாகம். நாற்பத்தோராம் நிமிடத்தில் நிறுத்தினேன். காரணம்: அக்கா கல்யாணம். மீதி பிறகு."

1993 ஆவணியில் ஒரு சனிக்கிழமை மத்தியானம் நான் எழுதி வைத்த குறிப்பு இது. கோடு போட்ட நீள நோட்டு. அட்டையில் எலி கடித்த மூலை ஒன்று உண்டு. அந்த "பிறகு" இன்றுவரை வரவில்லை.

நோட்டில் இருப்பது ஓர் ஆங்கிலப் படவரிசையின் வரலாறு. மொத்தம் எட்டுப் பாகங்கள். கதை என்று பார்த்தால் ஒன்றுதான். ஆப்பிள் தோட்டம் ஒன்று. தேனீ வளர்ப்பவர்கள் போடும் வலைத்தொப்பியை மாட்டிக்கொண்டு, கிளை வெட்டும் பெரிய கத்திரியோடு அங்கே ஒருவர் நடமாடுவார். ஒவ்வொரு வருடமும் ஏழெட்டு இளைஞர்கள் ஜீப்பில் வந்து அந்தத் தோட்டத்தில் கூடாரம் போடுவார்கள். கடைசியில் ஒரு பெண் மட்டும் மிஞ்சுவாள். வலைத்தொப்பிக்காரர் எரிந்தோ கிணற்றில் விழுந்தோ டிராக்டரில் நசுங்கியோ சாவார். அடுத்த பாகத்தில் வந்துவிடுவார்.

கோயமுத்தூருக்கு அவர் வரிசைப்படி வரவில்லை. முதலில் மூன்றாம் பாகம் வந்தது. அதை முதல் பாகம் என்றே நினைத்துப் பார்த்தோம். அதில் அவர் தீயில் கருகினார். மறு வருடம் உண்மையான முதல் பாகம் வந்தபோது, கருகிய மனிதர் பத்து வயது குறைந்து தோல் பளபளக்க நின்றார். தியேட்டரில் ஒருவரும் அசரவில்லை. "நல்ல ஆஸ்பத்திரியாப் பாத்துச் சேத்தியிருப்பாங்க" என்றார் பக்கத்து இருக்கைக்காரர். இந்த ஊர்க்காரர்களுக்கு ஆஸ்பத்திரிகள் மேல் அத்தனை நம்பிக்கை.

எனக்கு அது போதவில்லை. பஞ்சாலை ஒன்றில் நான் டைம் கீப்பர். யார் எத்தனை நிமிடம் பிந்தி வந்தார் என்று எழுதுவதுதான் வேலை. வேலை முடிந்தால் கல்வெட்டுப் புத்தகங்கள் படிப்பேன். ஒரே பெயரில் இரண்டு அரசர்கள் வந்தால் யார் முந்தியவர் என்று எப்படித் தீர்மானிக்கிறார்கள் என்று அவற்றில் கற்றிருந்தேன். அந்த முறையையே இங்கேயும் கையாண்டேன். வலைத்தொப்பிக்காரரின் காயங்களைப் பட்டியலிட்டேன். இடது கால் நொண்டல், கழுத்துத் தழும்பு, வலது காதில்லாமை. காயம் கூடக் கூடக் காலம் பிந்தியது. இப்படி எட்டில் ஏழு பாகங்களைச் சரியான வரிசையில் நிறுத்தினேன். நான்காம் பாகம் மட்டும் பாக்கி. ஐந்தாம் பாகத்தில் அவருக்கு வலது கை கிடையாது, மூன்றில் உண்டு. ஆக, கை போனது நான்கில்தான். எப்படிப் போனது? இதைத் தெரிந்துகொள்ளத்தான் தொண்டாமுத்தூர் ரோட்டு வீடியோ லைப்ரரியில் அந்த கேசட்டுக்குப் பெயர் எழுதி வைத்து, ஆறு வாரம் காத்திருந்தேன்.

வீடியோ டெக்கில் போட்டு நாற்பத்தொரு நிமிடம் பார்த்திருப்பேன். பந்தல் சாமான் வந்துவிட்டது என்று அப்பா கூப்பிட்டார். கேசட்டை வெளியே எடுத்து, டி.வி. மேல் வைத்துவிட்டுப் போனேன்.

மறுநாள் கல்யாணம். வீடியோ எடுப்பவர் தோளில் பெரிய கேமராவோடு விடிகாலையிலேயே வந்துவிட்டார். டெக்கில் போடும் கேசட்டையே அப்படியே விழுங்கும் கேமரா அது. கேசட் கல்யாண வீட்டார் தர வேண்டும் என்பது ஏற்பாடு. அதை எல்லாரும் மறந்திருந்தோம். அப்பா வீட்டுக்குள் போய், டி.வி. மேல் கிடந்ததை எடுத்து அதன் சின்னக் கண்ணாடி வழியாகப் பார்த்தார். நாடா பாதி இந்தப் பக்கம், பாதி அந்தப் பக்கம். கேசட் என்பது அப்பாவுக்கு நோட்டுப் புத்தகம் மாதிரி: எழுதிய பக்கங்கள் ஒரு புறம், எழுதாத பக்கங்கள் மறு புறம்.

"பாதி காலியாத்தான் கெடக்குது. இதுலயே புடிச்சுப்போடுங்க. புதுசு எதுக்கு?" என்று கொடுத்துவிட்டார்.

மறு பாதியும் காலியல்ல என்று வீடியோக்காரருக்குத் தெரியும். முதலுக்கே சுற்றிவிட்டுப் பிடித்திருக்கலாம். பிடிக்கவில்லை. பிற்பாடு நான் கேட்டபோது, நெஞ்சில் கை வைத்துச் சொன்னார்: "ஊட்ல ஆரோ ஒருத்தரு பாதி பாத்து நிறுத்தி வெச்சிருக்கறாங்க. அவுங்க எடத்த நாம கலைக்கலாமுங்களா? மரியாதையா இருக்காதுங்களே. அந்த எடத்துல இருந்தேதானுங்க ஏத்திப்போட்டேன்."

சாயந்திரம் கேசட்டைப் பழைய உறைக்குள் போட்டு, பழையபடி டி.வி. மேல் வைத்துவிட்டுப் போனார். தவணை தவறாதவன் நான். மறுநாள் காலை எட்டு மணிக்கு லைப்ரரி கதவு திறக்கும் முன்பே போய் நின்று திருப்பிக் கொடுத்தேன். மீதிப் படத்தைப் பார்க்காமலே கொடுக்கிறோமே என்று வருத்தப்பட்டேன். ஆனாலும் தேதி தேதிதான். நோட்டில் "உரிய நாளில் திருப்பப்பட்டது" என்று எழுதி அடிக்கோடும் போட்டேன்.

இனி அக்காவின் மாமியார். மேட்டுப்பாளையத்தில் பாக்குத் தோப்பு வைத்திருப்பவர். ஒரே பையன்தான். கல்யாணத்துக்கு நான்கு நாள் முன்னால் தோப்பில் வழுக்கி விழுந்து, தொடை எலும்பு முறிந்து ஆஸ்பத்திரியில் சேர்ந்தார். "எனக்காக முகூர்த்தத்த மாத்தாதீங்க, எனக்குப் படம் புடிச்சுக் கொண்டாந்து காட்டுங்க, போதும்" என்று சொல்லியனுப்பினார். மணமேடையில் மாப்பிள்ளையின் அம்மா இடம் காலி. தாலி கட்டும்போது மாப்பிள்ளை அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார். அக்கா அவரிடம் வாக்குக் கொடுத்தாள்: வெள்ளிக்கிழமை அத்தை வீடு திரும்பும்போது படம் அங்கே இருக்கும் என்று.

புதன்கிழமை மறுவீட்டுக்கு வந்த அக்கா டி.வி. மேல் தேடினாள். பிறகு அப்பா முகத்தைப் பார்த்தாள். பிறகு என் முகத்தை. எல்லாம் புரிய ஐந்து நிமிடம் ஆயிற்று.

"அந்தக் கொலகாரப் படத்து மேலயா எங்கல்யாணத்த ஏத்தினீங்க?"

"மேல இல்ல கண்ணு, பக்கத்துல" என்றார் அப்பா.

அக்கா அழவில்லை. "ஒரே ஒரு படம். வேற காப்பி கெடையாது. வெள்ளிக்கெழம கேசட்டு இல்லீன்னா, நான் அத்த மூஞ்சில எப்படி முழிப்பேன்?" என்று மட்டும் கேட்டாள். அது என்னைப் பார்த்துக் கேட்டது.

லைப்ரரிக்காரர் பேரேட்டைப் புரட்டினார். "அதுங்களா? நேத்தே மதுக்கரைக்குப் போச்சுங்க. சிமெண்ட் ஆலைல ஃபிட்டரா இருக்கறவரு. அவுரு எடுத்தா தெருவே பாக்கும்."

வியாழக்கிழமை லீவு போட்டேன். டைம் கீப்பரே லீவு போட்டது ஆலையில் இரண்டு நாள் பேச்சாக இருந்தது. மதுக்கரையில் சிமெண்ட் தூசி படிந்த ஓட்டு வீட்டில், பகல் பதினோரு மணிக்குப் பதினைந்து பேர் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். படம் அப்போதுதான் தொடங்கியிருந்தது. ஃபிட்டர் நாற்காலியில் அமர்ந்து, ஆங்கிலத்தைத் தமிழாக்கிச் சொல்லிக்கொண்டிருந்தார்.

"இப்ப அவுரு கதவுக்குப் பொறத்தால நிக்கறாருங்க. கத்திரிய எடுத்துட்டாருங்க. புள்ளைக்குத் தெரியிலீங்க."

ஏழு பேரை வெட்டுகிறவருக்கு இத்தனை "ங்க" நான் வேறெங்கும் கேட்டதில்லை. நான் யாரென்று சொல்ல வாயெடுத்தேன். "முடியட்டுங்க, உக்காருங்க, மோர் குடிங்க" என்று வீட்டுக்கார அம்மா உட்கார வைத்துவிட்டார். வந்தவரை நிற்க வைத்துப் பேசும் வழக்கம் அங்கே இல்லை. அதனால் நானும் பார்க்க வேண்டியதாயிற்று.

நாற்பத்தோராம் நிமிடம். இருட்டுக் கொட்டகை. பெண் கதவைத் தள்ளுகிறாள். வலைத்தொப்பி திரும்புகிறது. கத்திரி உயர்கிறது. நாதஸ்வரம் வெடிக்கிறது. மண்டப வாசலில் என் அப்பா கைகூப்பி, "வாங்க வாங்க, எல்லாரும் வாங்க" என்கிறார்.

யாரும் சிரிக்கவில்லை. முந்தின நாளே ஒரு தடவை பார்த்துவிட்டார்களாம்.

"இவருதானுங்க வில்லன்" என்றார் ஃபிட்டர், என் அப்பாவைக் காட்டி. "சிரிப்பப் பாருங்க. இப்படி ஒவ்வொருத்தரா உள்ள கூட்டறாரு."

"எனக்கென்னமோ அந்த உருமாலக்காரரு மேலதான் சந்தேகம்" என்றார் வீட்டுக்கார அம்மா. அவர் காட்டியது தலைப்பாகை கட்டிச் சீர்களை நடத்தி வைக்கும் அருமைக்காரரை. நாற்பது கல்யாணம் நடத்தியவர், எறும்பைக்கூட மிதிக்காதவர்.

திடீரென்று ஃபிட்டர் என்னையும் திரையையும் மாறி மாறிப் பார்த்தார். திரையில் நான் பந்தியில் சாம்பார் வாளியோடு போய்க்கொண்டிருந்தேன்.

"ஏனுங்க, நீங்க படத்துல நடிச்சிருக்கறீங்களா?"

சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன்: அப்பா, வீடியோக்காரர், தொடை முறிந்த மாமியார். கேட்டு முடித்ததும் அந்த அறையில் வந்த ஏமாற்றத்தை நான் மறக்க மாட்டேன். ஒரு குழந்தை மட்டும், "அப்ப அந்த அக்காவ வெட்ட மாட்டாங்களா?" என்று கேட்டது. வீட்டுக்கார அம்மா கேசட்டைத் துடைத்து, உறையில் போட்டு, ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு கொடுத்தார். "மொதல்ல அந்தம்மா பாக்கட்டுங்க. நாங்க அப்பறமாக்கூடப் பாத்துக்குவோம்."

லைப்ரரிக்காரர் அவ்வளவு இளகவில்லை. கேசட் அவருடையது. "இப்ப எட்டுலயும் இதத்தானுங்க ஆளுங்க கேக்கறாங்க" என்றார். கடைசியில் என் பெயரில் பதிந்து, இரண்டு நாள் தவணையில் அக்கா கல்யாணத்தை எனக்கு வாடகைக்குக் கொடுத்தார்.

வெள்ளிக்கிழமை மேட்டுப்பாளையம். மாமியார் மாவுக்கட்டுக் காலைத் தலையணை மேல் நீட்டிப் படுத்திருந்தார். நாற்பத்தோராம் நிமிடத்துக்கு ஓட்டி நிறுத்தி, அப்பா கைகூப்பும் இடத்திலிருந்து விட்டேன். கல்யாணம் ஐம்பது நிமிடம் ஓடியது. தாலி கட்டும் இடத்தில் மாப்பிள்ளை திரும்பிக் காலி நாற்காலியைப் பார்த்தபோது, "இங்கதான்டா இருக்கறேன்" என்றார். அக்கா அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். நான் நிம்மதியாகி, கவனம் தப்பினேன்.

பெண்ணும் மாப்பிள்ளையும் பெரியவர்கள் காலில் விழக் குனிந்தார்கள். நிமிரவில்லை. அங்கே ஒற்றைக் கையோடு வலைத்தொப்பிக்காரர் எழுந்து நின்றார்.

டெக்கை நோக்கிப் பாய்ந்தேன்.

"இருங்க தம்பி" என்றார் மாமியார். "ஆரு இந்த மனுசன்?"

அக்கா கண்ணை மூடிக்கொண்டாள். நான் சுருக்கமாகச் சொன்னேன். தோட்டம், கேட்காமல் வந்து கூடாரம் போடுகிறவர்கள், கத்திரி.

"அவுரு தோட்டமா?"

"ஆமாங்க."

"கேக்காம பூந்தாங்களா?"

"ஆமாங்க."

"எத்தன வருசமா?"

"எட்டுப் பாகமாங்க."

அவர் ஜன்னல் வழியாகத் தன் பாக்குத் தோப்பைப் பார்த்தார். ஊட்டிக்குப் போகிற கார்கள் அங்கே நிறுத்திச் சாப்பிட்டு இலை போட்டுப் போவது வழக்கம். அந்த இலையில்தான் அவர் வழுக்கியது. அன்றுதான் எனக்கு அது தெரிந்தது.

"மொதல்ல இருந்து போடுங்க" என்றார்.

இந்தப் படவரிசை ஏன் ஓடுகிறது என்பதற்கு எங்கெங்கோ கட்டுரைகள் வந்திருக்கின்றன: பயம், இளமை, ஆழ்மனம் என்று. நான் அதிகம் படித்தவன், அவற்றையும் படித்தேன். அந்தக் கட்டில் பக்கத்தில் நின்றபோது கிடைத்த விளக்கம் அவை எதிலும் இல்லை. கால் கூடும்வரை மாதம் ஒரு பாகம் கொண்டுபோனேன். அக்காவும் மாமியாரும் சேர்ந்து உட்கார்ந்து பார்த்தார்கள். கட்டுப் பிரித்த பிறகு தோப்புக்கு வேலி போடப்பட்டது.

நான்காம் பாகத்தை நான் திருப்பிக் கொடுக்கவில்லை. என் வாழ்நாளில் தவணை தவறிய ஒரே பொருள் அது. நோட்டில் இரண்டாம் தடவை எடுத்த வரிக்கு எதிரே இடம் காலியாக இருக்கிறது. லைப்ரரிக்காரர், கடையை மூடும் வருடம்வரை, என்னைப் பார்க்கும்போதெல்லாம், "அந்தக் கல்யாணப் படத்த மதுக்கரைல கேட்டுட்டே இருக்கறாங்க" என்பார்.

வலைத்தொப்பிக்காரரின் வலது கை நாற்பத்தோராம் நிமிடம்வரை இருந்தது. தொண்ணூற்றோராம் நிமிடத்தில் இல்லை. இடையில் இருப்பது என் அக்காவின் கல்யாணம். அருமைக்காரர் பக்கம் கையை நீட்டியிருப்பார், அவர் விட்டிருக்க மாட்டார் என்பது மாமியார் கருத்து. கல்யாணம் ஏறாத வேறு பிரதி எதுவும் எனக்குக் கிடைக்கவில்லை. கை எப்படிப் போனது என்பது இதுவரை உறுதி செய்யப்படவில்லை.