ஜெயந்தினி அக்கா திருத்திய எழுத்துகள்

ஜெயந்தினி அக்காவின் பிறப்புச் சான்றிதழில் அவர் ஆண் என்று எழுதியிருந்தது. பதினெட்டு வயதில் அடையாள அட்டைக்கு விண்ணப்பித்தபோதுதான் அது வெளியே வந்தது. அதைத் திருத்த அவர் ஒரு வருடம் நடந்தார். ஒவ்வொரு முறையும் ஒருநாள் பேர், அதாவது அன்றைய கூலி, போனது. கடைசியில் ஒரு கிளார்க்கின் மேசைக்குப் பக்கத்தில் நின்று, அந்த ஆள் பேனாவை எடுத்து எழுதி முடிக்கும்வரை நகராமல் திருத்திக்கொண்டு வந்தார்.

"எழுதுறவங்க தப்பாத்தான் எழுதுவாங்க புள்ள. நாமதான் கூட நின்னு திருத்தணும்" என்று என்னிடம் பலமுறை சொல்லியிருக்கிறார்.

எங்கள் மலையகத் தேயிலைத் தோட்டங்களில் இது அதிசயமில்லை. என் அப்பாவுக்கு இரண்டு பிறந்த தேதிகள். எங்கள் லயத்து வரிசை வீடுகளில் இருந்த பொன்னையா மாமா, அட்டையின்படி தன் தம்பியைவிட இளையவர்.

அக்காவின் கணவர் இறந்தபிறகு, மகள் லோஜனாவைத் தங்கையிடம் விட்டுவிட்டு அவர் குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போனார். எட்டு மாதத்தில் திரும்பி வந்துவிட்டார். இடது கை மணிக்கட்டிலிருந்து முழங்கைவரை தோல் சுருங்கியிருந்தது. எண்ணெய் கொதிக்கிறது, கிட்டே வராதே என்று அந்த வீட்டுக்காரி சொன்னது தனக்கு விளங்கவில்லை என்றார். எல்லோரிடமும் அப்படித்தான் சொன்னார். யாரும் மேலே கேட்கவில்லை.

மறுபடியும் கொழுந்து எடுக்கப் போனார். ஆனால் அந்தக் கை கூடையை இழுத்துக் கட்ட ஒத்துழைக்கவில்லை. லோஜனா ஐந்தாம் வகுப்பில் கெட்டிக்காரியாக இருந்தாள். 2007 கடைசியில் அக்கா மறுபடியும் வெளிநாட்டு வேலை ஏஜென்சியில் கையெழுத்துப் போட்டார். எந்த நாட்டுக்கு அனுப்பினாலும் போவதாக அந்தத் தாளில் இருந்தது.

தைப்பொங்கல் கழிந்து சப் ஏஜென்ட் செல்லசாமி அண்ணன் லயத்துக்கு வந்தார்.

"தங்கச்சி, ஒனக்கு அதிர்ஷ்டம் அடிச்சிருக்கு. சிங்கப்பூர்ல ஒரு வீடு. படுத்த படுக்கையா ஒரு பெரியவர். அவருக்கு மாண்டரின்னு ஒரு சீன பாஷை, அதத் தவிர ஒன்னும் தெரியாது. பங்குனியில மக போன்ல பேசிப் பாப்பாங்களாம். அப்பாவுக்கு விளங்குற மாதிரி பேசுனா விசா வரும்."

"விளங்காட்டி?"

"விளங்காட்டி பழையபடி அரபு நாடுதான். பாஸ்போட்டு ஒப்பீசுலதான கெடக்கு."

அவர் கொடுத்த தாளில் நாற்பது வாக்கியங்கள் இருந்தன. ஒரு வரியில் சீன எழுத்து, அடுத்த வரியில் ஆங்கில எழுத்தில் உச்சரிப்பு, அதற்குக் கீழே யாரோ கையால் தமிழில் எழுதியிருந்தார்கள். தண்ணீர் குடிக்கிறீர்களா, வலிக்கிறதா, திரும்பிப் படுக்கிறீர்களா. அக்கா அதை மடித்து நெஞ்சோடு வைத்துக்கொண்டார்.

ஹட்டன் பஸ் நிலையத்துக்கு எதிரே, மருந்துக்கடையின் மாடியில் குணரத்தினம் சார் கம்பியூட்டர் வகுப்பு நடத்திவந்தார். யாழ்ப்பாணத்துக்காரர். அங்கே கூட்டுவதும் ஃபோட்டோகொப்பி எடுப்பதும் பிள்ளைகள் போனபிறகு மெஷின்களுக்கு உறை போடுவதும் என் வேலை. பேச வேண்டிய அவசியம் அதிகம் இல்லாததால் எனக்கு அந்த வேலை பிடித்திருந்தது.

தாளைக் கொப்பி எடுக்கத்தான் அக்கா முதலில் வந்தார். ஆங்கில எழுத்துகளின் தலையில் சாய்ந்தும் வளைந்தும் சின்னச் சின்னக் கோடுகள் இருந்தன. மெஷின் கண்ணாடியில் அழுக்கு என்று நினைத்து நான் துணியால் துடைத்துவிட்டு மறுபடி எடுத்தேன். கோடுகள் போகவில்லை. தமிழில் எழுதியவர் அவற்றைக் கண்டுகொள்ளவேயில்லை.

சார் தாளைப் பார்த்தார். "எனக்குச் சீனம் தெரியாது தங்கச்சி. ஆனா கொழும்பில எடுத்த ஒரு சீடி கிடக்கு. நாங்கள் கதைக்கிறதைக் கேட்டு அது எழுதும். சீனமும் அதில இருக்கு. ஞாயிற்றுக்கிழமை வகுப்பில்லை, வந்து கதைச்சுப் பாருங்கோ. அது சரியா எழுதினா உங்கட உச்சரிப்புச் சரி எண்டு அர்த்தம்."

"தப்பா எழுதுனா சார்?"

"திருத்துறதுக்கு வழி இருக்கு. திருத்தத் திருத்த அது பழகும்."

அந்தக் கடைசிப் பேச்சு எங்கள் இரண்டு பேருக்கும் மிகவும் நியாயமாகப் பட்டது.

முதல் ஞாயிறு அக்கா மைக்கைப் பிடித்து, "நின் யாவ் ஹ ஷ்வெய் மா" என்றார். தண்ணீர் குடிக்கிறீர்களா என்று அர்த்தம். மலைக்கு அந்தப் பக்கம் நிற்கிறவர்களைக் கூப்பிடும் குரல் அவருடையது. எல்லாச் சொல்லையும் ஒரே உயரத்தில் வீசினார். திரையில் வரிசையாக எழுத்துகள் ஓடின. எங்களுக்கு வாசிக்கத் தெரியாது. தாளைத் திரைக்குப் பக்கத்தில் பிடித்து உருவம் உருவமாக ஒப்பிட்டோம். தாளில் ஐந்து எழுத்து இருந்தால் திரையில் பதினொன்று இருந்தது.

"பாத்தியா, கொழுந்து எடை போடுற கணக்கப்பிள்ளை மாதிரி இஷ்டத்துக்கு எழுதுறான்" என்று சிரித்தார் அக்கா.

சார் காட்டிய வழியில் பிழையான வரியை அழுத்தி, சரியானதைத் தேடி எடுத்து வைத்தார். நான் உருவங்களைக் கண்டுபிடித்துக் கொடுத்தேன். கூரை போட்டது, கால் நீட்டியது, ஏணி மாதிரி நிற்பது என்று எங்களுக்குள் பெயர் வைத்துக்கொண்டோம். மறுபடியும் சொன்னார், மறுபடியும் பிழை, மறுபடியும் திருத்தினார். அன்று மாலை ஏழாவது தடவையோ எட்டாவது தடவையோ, ஐந்து எழுத்தும் தாளில் உள்ளபடி வந்து நின்றன. அக்கா நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார்.

அப்புறம் ஞாயிறும் பௌர்ணமிப் போயா விடுமுறையும் தவறவில்லை. லயத்தில் குழாயடியில் நின்றாலும் வாய் முணுமுணுத்துக்கொண்டிருந்தது.

"ஏன்டி, ஒன் சீனாக்காரப் பெருசு குளிப்பாட்டும்போது என்னா கேக்கும்?" என்று காளியாயி சின்னம்மா வம்புக்கு இழுத்தார்.

"ஒங்கள மாதிரி வாயாடியா ஒருத்தி இருக்காளான்னு கேக்கும்" என்றார் அக்கா. குவைத்திலிருந்து வந்தபிறகு அவர் பதிலுக்குப் பதில் பேசி நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

மாசி பிறந்தபோது முப்பது வாக்கியங்கள் சரியாக வந்தன. ஒரு ஞாயிறு லோஜனாவையும் கூட்டிவந்தார். "அம்மா பேசுனா எழுதுதே!" என்று அவள் திரையைத் தொட்டுப் பார்த்தாள்.

அது சிவனொளிபாதமலை யாத்திரை சீசன். மலையடிவாரத்து நல்லதண்ணிக்குப் போகிறவர்களும் வருகிறவர்களும் ஹட்டனில் நிறைந்திருந்தார்கள். ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம், மலை ஏறிவிட்டு ரயிலுக்குக் காத்திருந்த ஒரு சீனர் மின்னஞ்சல் பார்க்க வந்தார். சார் சாப்பிடப் போயிருந்தார். அக்கா பேசும் மெஷின்தான் காலியாக இருந்தது. அதன் ஓரத்தில் அக்காவின் தாள் ஒட்டியிருந்தது. அவர் அதைப் பார்த்து ஆச்சரியப்பட்டார். என்னைப் பார்த்து மைக்கைக் காட்டினார். நான் தலையாட்டி, திரையில் அக்கா பேசும் அந்த ஜன்னலைத் திறந்துவிட்டேன்.

அவர் முதல் வாக்கியத்தை வாசித்தார். மெல்லிய குரல். ஒரு சொல் ஏறியது, ஒன்று இறங்கியது, ஒன்று உள்ளே விழுந்து எழும்பியது. அந்தக் கோடுகள் அழுக்கு இல்லை, குரல் ஏறி இறங்க வேண்டிய குறிகள் என்று அப்போது எனக்குத் தெரிந்தது. ஆனால் திரையில் வந்தது தாளில் இருந்தது அல்ல. அவர் இன்னொரு தடவை சொன்னார். வேறு ஏதோ வந்தது. சிரித்துக்கொண்டே கையை விரித்துவிட்டு, மின்னஞ்சல் பார்த்துவிட்டுப் போனார்.

சீனர் பேசிய சீனம் அதற்கு விளங்கவில்லை. அக்கா பேசியது விளங்கியது. மெஷினுக்கு உறை போட்டுவிட்டு நான் வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். அது சரியில்லை என்று தெரிந்தது. எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை.

ஞாயிறு அக்கா வந்து நாற்பதையும் ஒரே மூச்சில் சொன்னார். நாற்பதும் சரியாக வந்தன. நான் வாயைத் திறந்தேன்.

"என்னா புள்ள?"

அவர் முகம் அவ்வளவு வெளிச்சமாக இருந்தது.

"ஒன்னுமில்லக்கா."

போன் பரீட்சைக்கு இன்னும் பதினொரு நாள் இருந்தது. அந்தப் பதினொரு நாளும் நான் சொல்லவில்லை.

பங்குனியில் சாரின் அறையிலேயே போன் வந்தது. அக்கா திருவிழாச் சேலையைக் கட்டியிருந்தார். செல்லசாமி அண்ணனும் வந்திருந்தார். எல்லோருக்கும் கேட்கும்படி சார் ஸ்பீக்கரைப் போட்டார். சிங்கப்பூர்ப் பெண் வணக்கம் போல ஏதோ சொன்னார். அக்கா முதல் வாக்கியத்தைச் சொன்னார்.

அந்தப் பக்கம் சத்தம் இல்லை.

அக்கா இரண்டாவதைச் சொன்னார். பிறகு மூன்றாவதை, மலைக்கு அந்தப் பக்கம் கேட்கிற அளவுக்கு. அந்தப் பெண் ஆங்கிலத்தில் மெதுவாக ஏதோ கேட்டார். சார் நிமிரவில்லை.

"என்னாங்க சார் கேக்குறாங்க?"

"இவ என்ன பாஷை கதைக்கிறா எண்டு கேக்கிறா."

அக்கா எழுந்து வகுப்பறைக்கு ஓடினார். மெஷினின் உறையை உருவி எறிந்தார். "சார், போன வைக்கச் சொல்லாதீங்க! கம்பியூட்டர் பெட்டி எழுதுறதப் பாருங்க! அத அனுப்புங்க அவங்களுக்கு!" மைக்கைப் பிடித்துச் சொன்னார். தண்ணீர் குடிக்கிறீர்களா. வலிக்கிறதா. திரும்பிப் படுக்கிறீர்களா. ஒவ்வொன்றும் தாளில் உள்ளபடி வந்து நின்றது.

சார் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். போன் ஏற்கெனவே அடங்கிவிட்டது.

"நீங்கள் திருத்தினது எல்லாத்தையும் அது ஞாபகம் வச்சிருக்கு தங்கச்சி. நீங்கள் எப்பிடிச் சொன்னாலும் இதைத்தான் எழுதவேணும் எண்டு பழகியிட்டுது. நீங்கள் சீனம் பழகேல்ல. அதுதான் உங்களைப் பழகினது. நான் இதை யோசிக்கேல்ல, பிழை என்னிலதான்."

அக்கா மைக்கை மேசையில் வைத்தார். செல்லசாமி அண்ணன் பையை மூடினார். "சரி விடு தங்கச்சி. ஜோர்தானுக்கு ஆள் கேட்டிருக்காங்க."

சித்திரை வருடப்பிறப்பு முடிந்த மூன்றாம் நாள் அவர் கிளம்பினார். கொழும்பு பஸ்ஸில் ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருந்தார். சேலைத் தலைப்பால் இடது கையை மூடியிருந்தார். லோஜனா என் பக்கத்தில் நின்றாள்.

"புள்ள, நான் சொன்னத அது சரியாத்தான எழுதுச்சு? நீ பாத்தல்ல?"

அந்தச் சீனரைப் பற்றிச் சொல்ல அப்போதும் நேரம் இருந்தது. கண்டக்டர் இன்னும் டிக்கெட் போட்டுக்கொண்டிருந்தார்.

"பாத்தேன்க்கா" என்றேன்.

பஸ் போய்விட்டது.

ஐப்பசியில் ஒரு ஞாயிறு லோஜனா தனியாக மாடிக்கு வந்தாள். அம்மாவிடமிருந்து இரண்டு மாதமாகப் போன் இல்லை என்றாள். அந்த மெஷினைத் திறந்துவிடச் சொன்னாள். அம்மா சொல்லிச் சொல்லி அவளுக்கும் மனப்பாடம். "நின் யாவ் ஹ ஷ்வெய் மா" என்றாள். திரையில் வேறு ஏதோ ஒரு வரி ஓடியது.

"எனக்குத் தப்பா எழுதுதுக்கா" என்று மவுஸைப் பிடித்து அந்த வரியின்மேல் கொண்டுபோனாள்.

நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"திருத்தாத."

"ஏன்க்கா?"

நான் மெஷினை நிறுத்தி உறையைப் போட்டேன்.