நிக்கலுக்கு ஆகாதது

கதவைப் பாதி திறந்துவைத்து, அந்த இடைவெளியில் மூக்கை நீட்டி, வந்தவரை மோந்து பார்க்கிறார் அந்தப் பெண்.

"காலையில என்ன சாப்பிட்டீங்க?"

வந்தவர் சாமானியர் அல்ல, ஆய்வுக்கூடத்தின் மேலாளர். கொஞ்சம் தயங்கி, "முட்டை" என்கிறார்.

"வாயைக் கொப்புளிச்சிட்டு வாங்க சார்."

மேலாளர் கொப்புளித்துவிட்டு வருகிறார். வேறு வழியில்லை. எரிபொருள் மின்கலம் ஓடும் அந்த அறைக்கு அந்தப் பெண்தான் தொழில்நுட்பர். முகத்துக்கு நேரே அக்கா, முதுகுக்குப் பின்னால் மோப்பக்கா. அவருக்கும் அது தெரியும். "மூக்கு இருக்கறவளைத்தானே அப்படிக் கூப்பிட முடியும்" என்பார்.

அடுப்புக்குள் பழுத்துக் கிடக்கும் அந்த மின்கலம் எரிவாயுவைத் தீயில்லாமலே மின்சாரமாக்குகிறது. வாயு நுழையும் பக்கம் நிக்கல். நிக்கலுக்குக் கந்தகம் ஆகாது. இம்மியளவு போனாலும் அதன் மேல் ஒட்டிக்கொண்டு வாயுவுக்கு இடம் தராது, மின்னழுத்தம் சரியும். அக்கா இதைச் சுருக்கமாக விளக்குவார்: "பஸ்ஸில கர்ச்சீப் போட்டு வச்சுட்டுப் போறான் பாருங்க, அவன்தான் கந்தகம். தானும் வேலை செய்ய மாட்டான், மத்தவனையும் உக்கார விடமாட்டான்."

வேடிக்கை என்னவென்றால், கசிந்தால் நமக்குத் தெரியட்டும் என்று எரிவாயுவில் கலக்கிற நாற்றமே கந்தகச் சரக்குதான். வழியில் ஒரு வடிகட்டி அதை உறிஞ்சிவிடுகிறது. அதற்குப் பிறகு எல்லாம் மூடிய குழாய். முட்டையிலும் பூண்டிலும் கந்தகம் உண்டுதான், ஆனால் மேலாளர் தின்ற முட்டையின் நாற்றம் உள்ளே போக ஊசிமுனை வழிகூடக் கிடையாது. கூட வேலை செய்பவர்கள் சொல்லிப் பார்த்தார்கள். "எமன் வாசல் வழியாத்தான் வருவான்னு எழுதிக் குடுப்பீங்களா?" என்று கேட்டார் அக்கா. யாரும் எழுதிக் கொடுக்கவில்லை.

வீட்டிலும் இதே சட்டம்தான். பூண்டு வாங்குவதில்லை. கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் அவருடைய கணவர், முட்டை தின்ன ஆசை வந்தால் தங்கை வீட்டுக்குப் போய்விடுகிறார். "கல்யாணமான புதுசுல பக்கத்துல வந்து மோந்து பார்த்தா. ஆசைன்னு நெனச்சேன்" என்று தங்கையிடம் புலம்புவாராம்.

போன மாதம் மின்னழுத்தம் திடீரென்று இறங்கியது. ஒரு வருடத்துக்கு மேல் நிற்காமல் ஓடிய கலம். அது செத்தால் அறையையே மூடிவிடுவார்கள். மேலாளர் பட்டென்று சொல்லிவிட்டார்: "யாரால போச்சோ, அவங்க பேக்கிங் பிரிவுக்குப் போய் அட்டைப்பெட்டி ஒட்ட வேண்டியதுதான்."

அக்காவின் மூக்கு நேராக அறை வாசலில் உட்காரும் காவலாளியிடம் போய் நின்றது.

"அண்ணே, மேல என்ன தடவியிருக்கீங்க?"

"சொறிக்குக் களிம்பும்மா."

"கந்தகக் களிம்பா?"

"டாக்டர் குடுத்தது. தடவின இடத்தைக் காட்ட முடியாது, நம்புங்க."

"அதைத் தடவிக்கிட்டு என் அறைக்குள்ள வந்தீங்களா?"

"உங்க அடுப்புக்குக் காய்ச்சல் வந்தா அதுக்கு என் தொடையா காரணம்?" என்றார் அவர்.

இருவரும் மேலாளரிடம் போனார்கள். மேலாளருக்கு விஞ்ஞானம் தெரியும். ஆனால் காலையில் தின்ற முட்டை அவர் மனசாட்சியை உறுத்திக்கொண்டிருந்தது. தன் தலை தப்பினால் போதுமென்று, "இவர் பேக்கிங் பிரிவு வாசலுக்கே மாறிக்கட்டும்" என்று தீர்ப்பு சொன்னார். வெயிலில் நிற்க வேண்டிய வாசல் அது. காவலாளி நாற்காலியை மடக்கத் தொடங்கினார்.

அக்கா உள்ளே போனார். ஆளை மாற்றத் தீர்ப்பு வாங்கியும் மின்னழுத்தம் ஏறவில்லை. வடிகட்டியைச் சோதித்தார், நன்றாகத்தான் இருந்தது. அங்கிருந்து அடுப்புவரை ஒவ்வொரு இணைப்பாக மூக்கை வைத்துக்கொண்டே போனார். அடுப்பின் வெக்கை படும் இடத்தில் ஒரு சாண் நீளத்துக்குக் கறுப்பு ரப்பர் குழாய். அதற்கு முந்தின வாரம் பழைய குழாய் விரிசல் விட்டபோது, ஸ்டோரில் சரியானது கிடைக்காமல், அவசரத்துக்கு மாட்டியது. அவரே மாட்டியதுதான். ரப்பரைக் கெட்டியாக்குவதே கந்தகத்தைச் சேர்த்துத்தான்; சூடு பட்டால் அது வாயுவில் கசியும். ஊரையெல்லாம் மோந்தவர், தன் கையால் செய்ததை மட்டும் மோந்து பார்க்கவில்லை.

வாயுவை மாற்றுவழியில் திருப்பி, ரப்பரைக் கழற்றி எறிந்துவிட்டு, இதற்குள் ஸ்டோருக்கு வந்திருந்த எஃகுக் குழாயை மாட்டத் தொடங்கினார். முடித்து, சுத்தமான வாயு கொஞ்ச நேரம் ஓடியதும் மின்னழுத்தம் மெல்ல மேலே நகர்ந்தது. முழுசாக மீளுமா என்று சொல்ல முடியாது. ஆனால் உயிர் இருந்தது.

செய்தி கேட்டு மேலாளர் ஓடிவந்தார். அறைச் சாவியை ஒப்படைக்க வந்த காவலாளியும் பின்னாலேயே வந்து நின்றார். மேலாளர் தரையில் கிடந்த ரப்பரைக் காலால் தள்ளிப் பார்த்தார்.

"எந்த மடையன் மாட்டினது இதை?" என்று கேட்டு, பழக்கதோஷத்தில் காவலாளியைத் திரும்பிப் பார்த்தார்.

அக்கா திரும்பவில்லை. பார்வை மீட்டரில் இருந்தது; வலது கை ஸ்பானரால் கடைசி மரையை மறுபடி இறுக்கிப் பார்த்துக்கொண்டிருந்தது. இடது கையை மட்டும், வகுப்பில் வருகை சொல்லும் பிள்ளையைப் போல, தலைக்கு மேல் நேராகத் தூக்கினார்.