கன்டெய்னருக்குள் ஒரு பாட்டு

போன வாரம் எங்கள் குடோனில் எல்லாருக்கும் பிரியாணி. காரணம்... நான் பாடிய ஒரு பாட்டு! இன்னொரு சாயா கேட்கவே கூச்சப்படுகிற நானா?

கொச்சி மட்டாஞ்சேரியில் ஒரு சுக்கு குடோனில் எனக்கு வேலை. சரக்கை கன்டெய்னரில் ஏற்றி அனுப்புவது என் பொறுப்பு. அப்படி வல்லார்பாடம் துறைமுகத்தில் கப்பலேறிய ஒரு கன்டெய்னர், வெளிநாடு போய்ச் சேர்ந்தபோது சுக்கெல்லாம் பூசணம். கூரையில் ஓட்டை. கடல் தண்ணீர் இறங்கியிருக்கிறது.

"ஓட்டை முதலிலேயே இருந்தது. பார்க்காமல் ஏற்றியது உங்கள் தப்பு" என்றது கப்பல் கம்பெனி. "கப்பலில்தான் விழுந்தது" என்றார் எங்கள் முதலாளி. விவகாரம் எர்ணாகுளத்தில் மத்தியஸ்தம் செய்கிற ஒரு முன்னாள் பெண் நீதிபதியிடம் போனது. தோற்றால் குடோனுக்குப் பூட்டுதான்.

ஏற்றும்போது ஓட்டை இல்லை என்று சொல்ல வேண்டிய ஒரே சாட்சி... நான்.

தட்டுத் தடுமாறிச் சொன்னேன். காலி கன்டெய்னர் வந்ததும் நான் உள்ளே போய்விடுவேன். வெளியே கதவைச் சாத்துவார்கள். பொட்டு வெளிச்சம் தெரிந்தாலும் ஓட்டை என்று அர்த்தம். திருப்பி அனுப்பிவிடுவோம்.

"இந்த கன்டெய்னரைப் பார்த்ததற்கு ஆதாரம்?" என்றார் கம்பெனி வக்கீல்.

கூட வந்திருந்த லோடிங் தொழிலாளி அன்சாரி இக்கா எழுந்தார். "வீடியோ உண்டு மேடம். பக்ஷே, அண்ணன் என்னை அடிக்கக் கூடாது" என்றார் என்னைப் பார்த்து.

போனில் ஓடியது. சாத்திய கதவு. அதில் அதே கன்டெய்னர் நம்பர். உள்ளேயிருந்து — என் குரல்! பழைய காதல் பாட்டு, ஆலாபனையோடு. வெளியே அடக்க முடியாத சிரிப்பு. கிண்டலடிக்க எடுத்து வைத்திருக்கிறார்கள், பாவிகள்! மேஜைக்கு அடியில் ஒளிந்துகொள்ளலாமா என்றிருந்தது.

வக்கீல் விடவில்லை. "பாட்டு சரி. உள்ளே முழு இருட்டு என்று எப்படி நம்புவது?"

எங்கிருந்து தைரியம் வந்ததோ... "வெளிச்சம் இருந்தா எனக்குப் பாட்டு வராது சார். ஊசி ஓட்டை இருந்தாலும் யாரோ பாக்குற மாதிரி இருக்கும்."

"அப்படியா? இங்கே ரெண்டு வரி பாடுங்க பார்ப்போம்!"

வாயைத் திறந்தேன். காற்றுதான் வந்தது. இன்னொரு தடவை திறந்தேன். ம்ஹும்.

மேடம் கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சிரித்தார். "போதும் வக்கீல் சார். இதைவிட என்ன ஆதாரம் வேணும்?"

போன வாரம் தீர்ப்பு வந்தது — எங்கள் பக்கம்! கூச்சம் என் குறை என்று இத்தனை வருஷம் நினைத்திருந்தேன். அது குடோனையே காப்பாற்றும் என்று யார் கண்டது?

ஒரே ஒரு தொல்லை. இப்போதெல்லாம் பாட்டு முழுசாக முடியாமல் அன்சாரி இக்கா கதவைத் திறப்பதில்லை!