கடைசி ஆளுக்குப் பின்னால்

பந்தலைச் சாய்த்தது நான்தான். அதை முதலிலேயே ஒப்புக்கொண்டு விடுகிறேன். மானம் போகிற விஷயத்தையே மறைக்காதவன் மற்றதில் மட்டும் ஏன் பொய் சொல்லப் போகிறான் என்று நீங்கள் யோசிக்க வேண்டும், அதற்காகத்தான். இதில் நான் கைச்சரக்காகச் சேர்த்தது எதுவும் இல்லை. சேர்க்கத் தெரிந்திருந்தால் என்னை இன்னும் கொஞ்சம் வீரனாகவாவது காட்டியிருப்பேன்.

போன டிசம்பர், ஒரு ஞாயிற்றுக்கிழமை. ராஜபாளையத்துக்கு மேற்கே மலையடிவாரத்தில் ஒரு தனியார் எஸ்டேட். கீழே மாந்தோப்பு, மேலே பாறைக் கரடு. அங்கேதான் எண்டியூரோ ரேஸ். மலைப்பாதை சைக்கிள் பந்தயம். கரட்டின் மேலே ஏறுவதற்கு நேரக் கணக்கு கிடையாது. மூச்சு வாங்கிக்கொண்டு, சைக்கிளை உருட்டிக்கொண்டு, திட்டிக்கொண்டு ஏறலாம். இறங்கும்போது மட்டும்தான் கடிகாரம் ஓடும். மொத்தம் நான்கு இறக்கம். ஒரு நிமிட இடைவெளியில் ஒவ்வொருவராக விடுவார்கள். நான்கையும் முடித்தால் ஒரு தகர மெடல்.

எனக்கு வயது நாற்பத்திரண்டு. சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணி நெய்கிற தறிக்கூடத்தில் சூப்பர்வைசர். நம்ம சரக்கை நாட்டிலேயே அதிகமாக உபயோகிக்கிற ஆள் ஞானராஜ்தான் என்று முதலாளி சொல்வார். அதற்கு முன் ஐந்து ரேஸ் போயிருக்கிறேன். ஒன்றைக்கூட முடித்ததில்லை. செயின் அறும், டயர் பஞ்சராகும், இல்லையென்றால் நான் பஞ்சராவேன். பாதியில் நின்றுபோகிறவர்கள் யாரிடமும் சொல்லிக்கொள்வதில்லை. சைக்கிளை வண்டியில் கட்டி, தலையைக் குனிந்துகொண்டு வீட்டுக்குப் போய்விடுவோம். வீட்டில் என் மகள் எலினா, ஏழு வயது, "மெடல் எங்கப்பா?" என்பாள். பால்கோவாப் பொட்டலத்தை நீட்டுவேன். ஐந்து தடவையும் பால்கோவாதான். ஆறாவது தடவை கிளம்பும்போது அவளே, "அப்பா, பால்கோவா வாங்கிட்டு வராத, என்ன?" என்றாள். மெடலைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதுதான் குத்தியது. இந்த ஒன்றையாவது முடித்தே தீருவது என்று போனேன்.

போன அரை மணி நேரத்தில் பந்தல்.

சைக்கிளைப் பந்தல் காலில் சாய்த்துவிட்டு டீ குடிக்கப் போனேன். அந்தக் கால் மணலில் சும்மா செருகி வைத்தது என்று எனக்கு எப்படித் தெரியும்? திரும்பிப் பார்த்தால் பந்தல் உட்கார்ந்திருந்தது. உள்ளே டைம் எடுக்கிற மேசை, லேப்டாப், சாம்பார் வாளி. அமைப்பாளர் சுப்புராஜ் துணிக்கு அடியிலிருந்து சாம்பாரோடு வெளியே வந்தார்.

"யாரு பாத்த வேல இது?"

கையைத் தூக்கினேன்.

"நெனச்சேன். ஞானராஜ், நீங்க கடைசில போங்க. எல்லாரும் போன பொறவு. உங்களுக்குப் பின்னாடி ஒரு ஈ, காக்கா இருக்கக் கூடாது."

அப்படித்தான் நான் கடைசி ஆள் ஆனேன். ஆனால் கடைசி ஆளுக்குப் பின்னாலும் ஒருவர் உண்டு. ஸ்வீப் என்பார்கள். பாதையோரம் மரத்துக்கு மரம் கட்டியிருக்கும் சிவப்பு வெள்ளை டேப்பை அவிழ்த்துக்கொண்டே, யாராவது விழுந்து கிடக்கிறார்களா என்று பார்த்துக்கொண்டே இறங்குவார். அது அவர் வேலை.

மூன்று இறக்கத்தை முடித்துவிட்டேன். விழவில்லை. எனக்கே சந்தேகமாக இருந்தது.

நான்காவது இறக்கத்தின் தலையில் நிற்கும்போது மணி ஐந்து. மலை மேற்கே நிற்பதால் எங்கள் பக்கம் நாலரைக்கே நிழல் விழுந்துவிடும். தூறல் வேறு. ஆறு மணிக்குக் கீழே மேசையை மூடிவிடுவார்கள். எட்டு நிமிடப் பாதை. நடந்து போனாலே மெடல் என் கையில்.

"பின்னாடியே வாரேன் அண்ணாச்சி, பைய போங்க," என்றார் ஸ்வீப்.

5.04. விட்டார்கள்.

இரண்டாவது வளைவு. பெரிய பாறை ஒன்றைச் சுற்றித் திரும்பினேன். பாதையோரம் ஒருவன் விழுந்து கிடந்தான். பக்கத்தில் அவன் சைக்கிள், பின்சக்கரம் இன்னும் சுற்றிக்கொண்டிருந்தது. கிர்ர்ர்ர்... இப்போதுதான் விழுந்திருக்கிறான்.

விழுந்தவனைப் பார்த்தால் நிற்க வேண்டும். அது ரேஸின் விதி. நின்றவருக்கு அந்த இறக்கத்தை மறுபடி ஓட்ட வாய்ப்புத் தருவார்கள், ரீ-ரன். நின்றேன். மெடல் எங்கே போய்விடும் என்ற தைரியம்தான்.

தலையில் ஹெல்மெட். இருபத்தைந்து வயது இருக்கும். இடது கால் முழங்காலுக்குக் கீழே, மடங்கக் கூடாத இடத்தில் மடங்கியிருந்தது. என் பாக்கெட்டில் எப்போதும் ஒரு பேண்டேஜ் சுருள் இருக்கும். ஒரு மாங்குச்சியை அண்டக் கொடுத்து, சுற்றிச் சுற்றி, இறுக்கி முடிச்சுப் போட்டேன்.

"வலிக்குதா தம்பி?"

"இல்லண்ணே. மொதல்ல வலிச்சுது."

"பேரு என்ன?"

மேலே பாதையைப் பார்த்தான்.

"ஒங்களுக்குப் பின்னாடி யாரும் வாராகளா?"

"ஸ்வீப் வாராரு. இந்தா இப்ப வந்துருவாரு."

"வர மாட்டாரு."

"எப்படி வராமப் போவாரு? அதான அவரு வேலையே."

"அவரு ஜீப்புல போயிட்டாருண்ணே."

வலியில் உளறுகிறான் என்று நினைத்தேன். விசில் ஊதினேன். மறுபடி ஊதினேன். கீழே ஓடைக்கரையில் ஒரு வாலண்டியர் நிற்க வேண்டும். பதில் இல்லை. போனில் சிக்னல் இல்லை.

5.20. ஸ்வீப் வரவில்லை. நான் இறங்கிப் போய் ஆளைக் கூட்டி வரலாம். ஐந்தே நிமிடம். எழுந்தேன்.

"போயிராதீங்கண்ணே. செத்த நேரம் இருங்க."

உட்கார்ந்தேன். கையைப் பிடித்துக்கொண்டேன். காலையில் வாசலில் வைத்த பால் பாக்கெட் மாதிரி ஜில்லென்று இருந்தது.

5.35. எனக்கு எரிச்சல் தாங்கவில்லை. ஸ்வீப்பைத் திட்டினேன். சுப்புராஜைத் திட்டினேன். பந்தல் காலை மணலில் நட்டவனைத் திட்டினேன். வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை விழாமல் வந்தேன், எனக்குப் பதிலாக இன்னொருத்தன் விழுந்திருக்கிறான். பக்கத்து மரத்தில் டேப் காற்றில் அடித்துக்கொண்டிருந்தது. பட... பட... பட...

5.48. இனி மெடல் இல்லை. ரீ-ரன் கிடைத்தால்தான் உண்டு.

அப்போதுதான் அது காதில் விழுந்தது.

கிர்ர்ர்ர்...

சக்கரம்.

விழுந்த சைக்கிளின் சக்கரம் எவ்வளவு நேரம் சுற்றும்? நூறு தடவை விழுந்தவன் சொல்கிறேன். அரை நிமிடம். மிஞ்சிப் போனால் ஒரு நிமிடம்.

முக்கால் மணி நேரமாகச் சுற்றிக்கொண்டிருந்தது. அதே வேகம்.

என் சட்டை தூறலில் தொப்பலாக நனைந்திருந்தது.

அவன் சட்டையைப் பார்த்தேன்.

காய்ந்திருந்தது.

முகத்தில் புழுதி. ஒரு பொட்டு ஈரம் இல்லை...

கையை விட நினைத்தேன்.

அவன் விடவில்லை.

"யாரும் வாராகளாண்ணே?"

கீழே இருந்து டார்ச் வெளிச்சம். ஓடைக்கரை வாலண்டியர் ஜெர்வின்.

"அண்ணாச்சி... ஞானராஜ் அண்ணாச்சி..."

"ஏலே, இங்க. இங்க வா. ஆள் விழுந்து கெடக்கு."

சொல்லிவிட்டுத் திரும்பினேன்.

யாரும் இல்லை.

சைக்கிளும் இல்லை.

தரையில் என் பேண்டேஜ் கிடந்தது. சுற்றியது சுற்றியபடி. முடிச்சு அவிழவில்லை. ஒரு காலின் அளவுக்கு வளையமாக, உள்ளே மாங்குச்சி மட்டும்...

கால் இல்லை.

பக்கத்து மரத்தைப் பார்த்தேன். டேப்பும் இல்லை.

ஜெர்வின் என் கையைப் பிடித்து இழுத்தான். "டேப்ப எப்பவோ அவுத்தாச்சு அண்ணாச்சி. ஸ்வீப் அஞ்சரைக்கே கீழ வந்துட்டாரு. வழில யாரையும் பாக்கலன்னாரு. நீங்க எங்க இருந்தீக?"

இதே இடத்தில்தான் இருந்தேன். என்னை ஒட்டி இருந்த மரத்தில் டேப்பை அவிழ்த்திருக்கிறார். அவரை நான் பார்க்கவில்லை. என்னை அவர் பார்க்கவில்லை.

பின்னால் எங்கோ, இருட்டுக்குள்...

கிர்ர்ர்ர்...

ஜெர்வினும் கேட்டான். கேட்டான் என்று எனக்குத் தெரியும். ஓட ஆரம்பித்தது அவன்தான்.

கீழே மேசையை மூடியிருந்தார்கள். சுப்புராஜ் பிரிண்டரைப் பெட்டியில் வைத்துக்கொண்டிருந்தார். நடந்ததைச் சொன்னேன். ரீ-ரன் கேட்டேன்.

"விழுந்த ஆளு பேரு?"

"தெரியாது."

"எல்லாரும் வந்தாச்சு சார். உங்களத் தவிர. விழுந்த ஆளு பேரச் சொல்லுங்க, ரீ-ரன் தாரேன்."

"அப்ப அங்க கெடந்தது யாரு?"

அவர் பெட்டிக்கு டேப் ஒட்டினார். ஒரு சுற்று போதும். நான்கு சுற்று ஒட்டினார். என் முகத்தைப் பார்க்கவே இல்லை.

அன்று வீட்டுக்கு வெறுங்கையோடு போனேன். எலினா ஒன்றும் கேட்கவில்லை. என் கையை மட்டும் தொட்டுப் பார்த்து, "ஏன்பா இம்புட்டு ஜில்லுன்னு இருக்கு?" என்றாள். மனைவி ரெனிட்டா இரண்டு நாள் கஷாயம் கொடுத்தாள்.

அடுத்த மூன்று வாரம் நான் பேயாக அலைந்தேன். சுப்புராஜுக்குப் போன் போட்டால் மீட்டிங்கில் இருந்தார். ஞாயிற்றுக்கிழமையும் மீட்டிங்கில் இருந்தார். முதலுதவிக்கு வந்திருந்த நர்ஸ், சுகர் செக் பண்ணச் சொன்னார். ஸ்வீப் என் நம்பரையே பிளாக் செய்துவிட்டார். ஒரு கேள்விதான் கேட்டேன். யார் அவன்? அந்தப் பேரைச் சொன்னால் எனக்கு ரீ-ரன். ரீ-ரன் கிடைத்தால் என் பிள்ளைக்கு ஒரு மெடல். இதற்கு ஊரே சேர்ந்து இப்படி மென்று முழுங்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

ஜெர்வினை அவன் வேலை பார்க்கும் ஒர்க்ஷாப்பிலேயே போய்ப் பிடித்தேன்.

"கொரங்கா இருக்கும் அண்ணாச்சி."

"கொரங்கு ஹெல்மெட் போடுமாலே?"

ஸ்பேனரைத் துடைத்தான். ரொம்ப நேரம் துடைத்தான். பிறகு மெதுவாக, "கிருஷ்ணன்கோவில்ல விஜயபாண்டி அண்ணனப் போயிப் பாருங்க. முன்னாடி அவருதான் ஸ்வீப். நான் சொன்னேன்னு சொல்லிராதீக," என்றான்.

விஜயபாண்டி கிருஷ்ணன்கோவில் காலேஜ் பஸ் நிற்கிற இடத்துக்கு எதிரே ஜூஸ் கடை வைத்திருந்தார். மத்தியானம் மூன்று மணி. கூட்டம் இல்லை. ரேஸ் என்றதுமே எலுமிச்சை நறுக்குவதை நிறுத்திவிட்டார்.

"எந்த எடத்துல?"

"நாலாவது எறக்கம். பெரிய பாறைக்குக் கீழ."

"எடது காலா?"

"ஆமா."

நாற்காலியை எடுத்துப் போட்டார். நான் உட்காருவதற்கு முன் அவரே உட்கார்ந்துவிட்டார்.

"எனக்கு வேற ஒன்னும் வேணாம் தம்பி. பேரு மட்டும் சொல்லுங்க. அவரு ஒரு வரி எழுதிக் குடுத்தாருன்னா ரீ-ரன் கெடைக்கும்."

"பிரேம்குமார். தளவாய்புரம்." கத்தியைக் கீழே வைத்தார். "எழுதித் தர மாட்டான்ணே. செத்து நாலு வருசம் ஆச்சு."

ரோட்டில் ஒரு லாரி போனது. அது போகும் வரை நான் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அந்த வருசம் ரேஸ்ல அவன்தான் கடைசி ஆளு," என்றார். "கீழ வந்து சேரல. பாதியில நின்னவன் சொல்லாம வீட்டுக்குப் போறதுதான வழக்கம். அப்படித்தான் போயிட்டான்னு நெனச்சாக. மறுநாள் பாறைக்குக் கீழ கெடந்தான். ரேஸ் முடிஞ்ச பொறவு தனியா மேல ஏறிப் போயி விழுந்துருக்கான்னு முடிவு பண்ணிட்டாக. விடியக்காலம் மூணு மணி வரைக்கும் உசுரு இருந்துருக்கும்னு டாக்டர் சொன்னாரு."

"மொதல்ல பாத்தது யாரு?"

"நான்தான். வெள்ளனத்துல, விடிஞ்ச ஒடனே போனேன்." சட்டை நுனியில் கையைத் துடைத்தார். "அவன்... ஒங்ககிட்ட வேற என்னமும் சொன்னானாண்ணே?"

"பின்னாடி யாரும் வாராகளான்னு கேட்டான். ஸ்வீப் வருவாருன்னேன். வர மாட்டாருன்னான்."

"அம்புட்டுத்தானா?"

"ஜீப்புல போயிட்டாருன்னான்."

எதிரே காலேஜ் பஸ் வந்து நின்றது. பிள்ளைகள் இறங்கினார்கள். இரண்டு பேர் வந்து ஜூஸ் கேட்டார்கள். கடை இல்லை என்று கையைக் காட்டினார். அவர்கள் போகும் வரை காத்திருந்தார்.

"மேல நின்ன எஸ்டேட் ஜீப்ப நானே ஓட்டிட்டு எறங்குனேன். தனியா. ஒருத்தரும் பாக்கல," என்றார். "டேப்பு பூரா கட்டுனது கட்டுனபடி கெடந்துச்சு. யாருக்கும் தெரியாம அவுத்துரலாம்னுதான் வெள்ளனத்துல போனேன். அப்பதான் அவனப் பாத்தேன். முந்தின நாளே டேப்ப அவுத்துக்கிட்டு ட்ராக் முழுக்க ஓட்டி வந்தேன், யாரும் இல்லன்னுதான் போலீசுகிட்ட சொன்னேன். அவன் அம்மாகிட்டயும் அதத்தான் சொன்னேன். ஜீப்பு விசயம் இந்த நிமிசம் வரைக்கும் யாருகிட்டயும் வாயத் தெறந்ததில்ல."

"மழையா அன்னைக்கு?"

நான் ஏன் அதைக் கேட்டேன் என்று தெரியவில்லை. அவருக்கு ஒரு காரணம் எடுத்துக் கொடுக்கப் பார்த்தேன் போலிருக்கிறது.

முதல் தடவையாக என்னை நேருக்கு நேர் பார்த்தார்.

"மழையெல்லாம் இல்லண்ணே. அதுக்காகப் போகல. கீழ பிரியாணி ஆறிரும்னு போனேன்."