மலர்புரம் நிறுத்தம்

அன்றைக்கு பஸ் நிறுத்தத்தில் இருந்தது நைனா, மாமா, நான், பிறகு கூலி வாங்க வந்திருந்த போர்டு பெயிண்டர். இந்த நாலு பேர்தான். அக்காவைப் பார்க்க அனந்தபுரத்திலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வருவதாக இருந்தது.

எங்கள் ஊருக்குச் செஞ்சிப் பக்கம் தோல்ஷாப்பு என்றுதான் பேர். தோல் பதனிடுகிற இடத்தை அப்படித்தான் சொல்வோம். எங்கள் ஊரில் இருந்ததை மூடி வருஷக்கணக்காகிறது. முதலாளி லாபத்தை மெட்ராசுக்கு எடுத்துப் போனார். நாற்றத்தை மட்டும் பெருந்தன்மையாக எங்களுக்கே விட்டுவிட்டார். அதுவும் கொஞ்ச நாளில் போய், சுண்ணாம்புத் தொட்டிகளில் தவளைதான் கத்தியது. பேர் மட்டும் போகவில்லை. எதிரே செஞ்சிக் கோட்டையும் பாழ்தான். அதைப் பார்க்கக் காசு செலவழித்து வருகிறவர்கள், எங்கள் பாழைத் தாண்டும்போது மூக்கைப் பொத்திக்கொண்டார்கள்.

அந்தப் பேராலேயே அக்காவுக்கு வந்த இரண்டு இடம் தட்டிப் போயிருந்தது. அதனால் மாமா 'மலர்புரம்' என்று போர்டு எழுதி நட்டு, மாப்பிள்ளை வீட்டுக்கும் அதே பேரைச் சொல்லியனுப்பினார். பஸ் வருவதற்குள் நான் கேட்டேன்.

"போர்டு வச்சிட்டோம், கண்டக்டர்கிட்ட சொன்னோமா மாமா?"

"அஞ்சாவது தாண்டாதவன் வாயில நல்லதே வராதாடா?" என்றார். அவர் மூணாவது.

பஸ் வந்தது. "தோல்ஷாப்பு எறங்கு" என்றார் கண்டக்டர். யாரும் இறங்கவில்லை. மாமா ஓடிப்போய் ஜன்னலைத் தட்டினார். "சம்பந்தி, இதான் மலர்புரம். எறங்குங்க."

"டிக்கெட் கேட்டப்பவே அப்படி ஒரு ஊரே இல்லன்னு இவருகிட்ட சொன்னேன். தோல்ஷாப்பு எப்பய்யா மலர்புரம் ஆச்சு?" என்றார் கண்டக்டர். பஸ்ஸே சிரித்தது.

படியில் ஒரு காலை வைத்துவிட்ட மாப்பிள்ளையின் அப்பா, துண்டை எடுத்து மூக்கில் வைத்தார். காற்றில் வேப்பம்பூ வாசனைதான். "நல்ல நாள் பாத்து சொல்லியனுப்புறோம்" என்று துண்டுக்குள்ளிருந்தே சொல்லிவிட்டு உள்ளே ஏறிக்கொண்டார். பஸ் கிளம்பிவிட்டது.

வீட்டில் அக்கா இரவல் பட்டுப்புடவையில் உட்கார்ந்திருந்தாள். நான்தான் நடந்ததைச் சொன்னேன்.

"படியில வச்ச கால்ல இன்னா போட்டிருந்தாரு?"

"செருப்புக்கா."

"ரப்பரா, தோலா?"

"தோலுதான். புதுசு."

"அதக் கழட்டி ஒருவாட்டி மோந்து பாக்கச் சொல்றதுதானே" என்றாள். புடவையை மாற்றப் போய்விட்டாள்.

கூடவே வந்த பெயிண்டர் வாசலை விட்டு நகரவில்லை. "சம்பந்தம் நின்னா நான் இன்னா பண்றது? போர்டு நிக்குதில்ல?" என்றார். ஓரத்தில் பூ வரைந்ததற்குத் தனிக் கணக்காம். நைனா இருந்த ஐந்து ரூபாயைக் கொடுத்தார். இன்னும் ஏழு ரூபாய் பாக்கி.